பதினோராவது ரீல்

மதுரையில் அவன் எழுபது நாள்
தினம் மூன்று தடவை செத்தான்.
எங்கள் டூரிங் கொட்டகையில்
ஒரு தடவைகூடச் சாகவில்லை.

ஆறு வருஷப் பழைய படம்.
எழுபத்தொன்று கார்த்திகையில்
சண்டை வரும்போல் இருக்கிறது என்று ரேடியோ சொன்ன வாரம்
முதலாளி குறைந்த வாடகைக்குப் பிடித்தார்.
செல்லம்பட்டி விலக்கில் பஸ் கூரையிலிருந்து
பெட்டி இறங்கும்போதே
பெண்கள் டிக்கெட் கிழிக்கும் விருமாயி கேட்டாள்:
"ஆபரேட்டரே, கடேசில ஆள் இருப்பானா?"
இல்லை என்றேன்.
"அப்பக் கடேசி வேணாம்."

அவளுக்குத் தம்பி.
அவள் தெருவில் மட்டும் ஏழு வீட்டிலிருந்து ஏழு பேர்.
எல்லாருக்கும் ஒரே ஊர், ஐம்பத்தாறு ஏபிஓ.
அது எந்தத் திசை என்று தபால்காரருக்கும் தெரியாது.

பதினோராவது ரீலை
மோட்டார் அறை டீசல் டின்னுக்குப் பின்னால் வைத்தேன்.
பத்தாவதின் முடிவில் அவன் முழங்கால் பனியில் நின்று பாடுவான்,
சட்டை கசங்காமல்.
அவள் மெட்ராஸில் மாடிப்படியில் நின்று
மீதி அடியை எடுப்பாள்.
ஆயிரத்தைந்நூறு மைலுக்கு அப்பாலும் சுதி பிசகாது.
"எங்க ஆளு பாடுனா களத்து நாயி எந்திரிச்சுப் போயிரும்"
என்பாள் ஒருத்தி. பெண்கள் பக்கம் சிரிப்பு.
சிரித்த வாய் அடுத்த சரணத்தில்
முந்தானைக்குள் போய்விடும்.
அத்தோடு விளக்கைப் போடுவேன்.
முக்கால் படத்துக்கு முழு டிக்கெட்டா என்று
ஆண்கள் பக்கம் விசில் அடித்தது.
இந்தப் பக்கம் ஒருத்தரும் கேட்கவில்லை.

படத்துக்கு முன்னால் சர்க்கார் நியூஸ்.
லாரியில் ஏறுகிற முதுகுகள்.
ஒருநாள் ஒச்சம்மாள் எழுந்து நின்றுவிட்டாள்:
"அந்தப் பிடரி! ஏய், நிப்பாட்டுங்க!"

நிறுத்த முடியாது.
கார்பன் நெருப்புக்கு முன்னால் நின்ற படம் பொசுங்கிப் போகும்.
ஓடுகிறவரைதான் முகம்.
இறங்கிப் போய்ச் சொன்னேன்.
தலையாட்டிக்கொண்டாள்.
அதற்கப்புறம் நாலு நாள் வந்தாள்,
நியூஸ் முடிந்ததும் எழுந்து போனாள்.

பெட்டி திரும்பிப் போனது.
பதினோராவது மட்டும் டின்னுக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது,
மறதிதான்.
கம்பெனியிலிருந்து இரண்டு கார்டு வந்தது.

மார்கழி ஒன்றாம் தேதி சண்டை நின்றது.
கொட்டகை வாசலில் சரவெடி போட்டோம்.
மூன்றாம் நாள் தந்தி வந்தது.

தை பிறந்து ஒரு ராத்திரி
இரண்டாம் ஆட்டம் விட்டு மணல் ஆறிய பிறகு
விருமாயி அவளைக் கூட்டிவந்தாள்.
"அந்த ரீலைப் போடணுமாம்."

காலிக் கொட்டகையில் ஓட்டினேன்.
திரையில் இடி. விளக்கு அணைந்தது.
தந்தியைப் பிரித்தவள் பதினெட்டுப் படியும் உருண்டாள்.
வளையல் உடைய உடைய வயலின்கள்.
ஒச்சம்மாள் கால் மடக்கி உட்கார்ந்து
கணக்குச் சரிபார்ப்பவள் மாதிரிப் பார்த்தாள்.

"இடியெல்லாம் இல்லண்ணே.
நல்ல வெயிலு.
ஆட்டுக்கு ஆலங்கொழை ஒடிச்சிட்டிருந்தேன்,
கையெல்லாம் பாலு.
கையெழுத்துப் போடச் சொன்னாரு,
சேலையில தொடச்சிட்டுப் போட்டேன்.
இங்கிலீசுல இருந்துச்சு.
வாத்தியாரு வர அரைமணி ஆச்சு.
அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்.
கொழைய ஆட்டுக்குக்கூடப் போட்டுட்டேன்."

அப்புறம் கேட்டாள்:
"அந்த நியூசு இருக்கா?"

அது பெட்டியோடு போயிருந்தது.
ஒரு சாண் வெட்டி வைத்திருக்கலாம்.
கத்திரி, சிமெண்டு, ஒட்டுகிற கை எல்லாம் இருந்தது.
பாட்டில் ஓடி ஒளிந்த ஒருவனுடைய சாவை
மொத்தமாகப் பிடுங்கி ஒளித்தவன் நான்.
லாரியில் ஏறிய ஒரு பிடரிக்கு
ஒரு சாண் தோன்றவில்லை.

இல்லை என்றேன்.
"சரிண்ணே" என்றாள்.
டார்ச் அடிக்கிறேன் என்றதற்கு
நிலா இருக்கு என்று போனார்கள் இரண்டு பேரும்.

மறுநாள் ரீலைப் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன்.