ஆகஸ்டில் ஒரு கம்பளிக் கோட்டு

பைக்குள் அடங்காததை உடம்பில் மாட்டிக்கொள்,
இல்லையென்றால் அறுபது யூரோ கட்டு
என்றது விமான நிறுவனம்.
அதனால்தான் முப்பத்தாறு டிகிரி வெயிலில்
த்ரியெஸ்தே ரயில் நிலையத்தில் இறங்கியபோது
முழங்கால் வரை கம்பளி எனக்கு.
காப்பிக் கடையில் ஒருத்தி,
ஃபெதெரீகா என்று சட்டையில் குத்தியிருந்தது,
கேட்காமலே ஐஸ் மிதக்கும் தண்ணீரை வைத்தாள்.
காசு வாங்கவில்லை.
பைத்தியத்துக்கும் நோயாளிக்கும் நடுவே
எங்கேயோ என்னை நிறுத்தியிருக்கிறாள்.

விசாவின் முதல் தேதிக்கும்
வகுப்பின் முதல் தேதிக்கும் இடையில்
யாரும் கணக்குக் கேட்காத பத்தொன்பது நாள்.
தார்த்து எங்கோ உச்சியில்.
வரைபடத்தில் என் விரல்
வேண்டுமென்றே வளைந்து வளைந்து ஏறியது.

லுப்லியானா ஆற்றங்கரையில்
கோட்டைச் சுருட்டித் தலைக்கு வைத்தேன்.
ஜாக்ரெப் விடுதியில், மேல்படுக்கைக்குத் திரை.
கீழ்ப்படுக்கையில் துவார்த்தே என்றொரு போர்த்துகீசியன்
இரவெல்லாம் போனில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தான்.
மொழி தெரியாவிட்டாலும் மன்னிப்பு தெரிகிறது:
எல்லா வாக்கியமும் ஒரே இடத்தில் இறங்குகிறது.
காலையில் பக்கத்துக் குழாயில் பல் தேய்த்தான்.
அவள் சரியென்றாளா என்று கேட்க வாயெடுத்து
பற்பசை கிடைக்குமா என்று கேட்டேன்.
கொடுத்தான்.

போனில் இருப்பவை எல்லாம் பாலங்கள்.
நினைவில் இருப்பதோ
புடாபெஸ்ட்டில் கழிப்பறை வாசலில் நின்று
சில்லறைக்காகப் பத்துப் பைகளையும் துழாவியது.

பூனைக்கும் ஒரு காலம் வரும் என்பார்கள்.
கோட்டுக்கு வந்தது
க்ராக்கோவ் போகும் இரவு ரயிலில்.
ஏசிக்குப் பித்துப் பிடித்திருந்தது;
அணைக்க முடியாது, பெட்டி பழசு என்று
தோளைக் குலுக்கிவிட்டுப் போனார் பரிசோதகர்.
ஆறு பேர், ஆறு பேருக்கும் அரைக்கால் சட்டை.
நான் எதுவும் சொல்லாமல் கோட்டை விரித்தேன்.
எதிரெதிர் முழங்கால்கள் நெருங்கி வந்தன,
அடுப்பைச் சுற்றி உட்கார்ந்ததுபோல.
ஒரு கிழவர் பிளம் பழப் பையை அவிழ்த்தார்.
கொட்டைகளை எங்கே துப்புவது என்று தெரியாமல்
எல்லோரும் கன்னத்தில் அடக்கிக்கொண்டு சிரித்தோம்.
யுஸ்தினாவின் மகன் கயெதானுக்கு நான்கு வயதிருக்கும்.
கோட்டின் பொத்தான்களை
போலிஷில் எண்ணினான், திரும்ப எண்ணினான்,
ஐந்தில் நிறுத்தித் தூங்கிப்போனான்.

விடிந்தபோது பொத்தான்கள் நான்கு.
ஐந்தாவது அவன் மூடிய கைக்குள்.
யுஸ்தினா விரல்களைப் பிரிக்கப் பார்த்தாள்.
தலையாட்டினேன், வேண்டாம்.
தோளில் கிடந்தபடியே இறங்கிப் போனான்;
பிளாட்பாரம் முடியும் வரை
அந்தக் கை மட்டும் திறக்கவில்லை.

அதற்குப் பிறகு வில்னியஸ், ரீகா,
ஒரு சலவை நிலையம், இரண்டு காய்ச்சல் மாத்திரை.
வால்காவில் ரயில் மாறும்போது
ஊருக்கு நடுவே நாட்டின் எல்லை ஓடுகிறது என்றார்கள்.
தேடிப் போய்ப் பார்த்தேன்.
ஒரு நாய் அதன்மேல் உட்கார்ந்து
காதைச் சொறிந்துகொண்டிருந்தது.

செப்டம்பர் மூன்று. தார்த்துவில் தூறல்.
வகுப்பில் வட்டமாக உட்காரவைத்து
விடுமுறையில் என்ன செய்தீர்கள் என்றார்கள்,
ஆளுக்கு முப்பது விநாடி.
"ஊர் சுற்றினேன்" என்றேன்.
இருபத்தெட்டு விநாடி மிச்சம்.

அறைத்தோழி ஹெலெரின்
கோட்டின் விளிம்பை இரண்டு விரலால் நசுக்கிப் பார்த்தாள்,
துணிக்கடைக்காரி மாதிரி.
"நல்ல கோட்டு. அக்டோபர் வரைக்கும் தாங்கும்."
பிறகு?
"பிறகு குளிர்காலம். அதற்கு வேறு வாங்கணும்."

பொத்தான் கடைக்கு வழி வரைந்து கொடுத்தாள்.
அந்தத் தாள்
இன்னும் கோட்டுப் பையில்தான் இருக்கிறது,
ஒரு பிளம் கொட்டையோடு.
நடக்கும்போது வயிற்றருகே
ஒரு கை நுழையும் அளவுக்குக் காற்று வருகிறது.