ஏதேனும் ஒரு விசை

துணுக்காய் கமநல நிலையம்.
பசளைப் பட்டியல் கிடக்கிற கணினி
மூன்று நாளாய் இதையே கேட்கிறது:
வட்டைச் சோதிக்கவா?
வேண்டாமென்றால் ஏதேனும் ஒரு விசையைத் தொடு.
பத்து, ஒன்பது,
எட்டில் கைவிட்டுவிடும்.
ஒருவரும் தொடவில்லை.

வயர் மாற்றினேன். ராம் கழற்றித் துடைத்தேன்.
கட்டளையைக் கையால் அடித்தும் பார்த்தேன்.
எட்டு.

"பேய் கீய் பிடிச்சிட்டுதோ?"
வதனாம்பிகை அக்கா கேட்டா,
ஒரு கண் வாசல் வரிசையில்.

ஆத்திரத்தில் பத்திலேயே
கீபோர்டைப் பிடுங்கினேன்.
ஏழு. ஆறு. ஐந்து.
எண்ணி முடித்து உள்ளே போனது.

கவிழ்த்துத் தட்ட
நீளக் கட்டையின் அடியிலிருந்து
ஒரு நெல்.
போன காலபோகத்து மாதிரியாயிருக்கும்.

பின்னேரம் திரை சொன்னது:
நாலு இடம் பழுது, வாசிக்க முடியாது.
ஆருடைய வயலென்று சொல்லவில்லை.

அக்கா அந்த நெல்லை
லாச்சிக்குள் போட்டா.