நடுக்கோடு

கோண்டாவில் சங்கக் கடையில்
எனக்குத் தந்த கல்குலேற்றரின் நெற்றியில்
இருவழிச் சக்தி என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.
ஒரு வழி மூடி இரண்டு வருஷம்.
பற்றரி, தடைப்பட்டியலில்
மெழுகுதிரிக்குப் பக்கத்தில்.
மற்ற வழி வெய்யில்.
அதை ஒருவரும் மறிக்கவில்லை.

நாலு மண்ணிறச் சில்லு,
நெருப்புப்பெட்டியில் பாதி அகலம்.
காலையில் யன்னலடி, பத்து மணிக்குப் படியடி,
பின்னேரம் வேலியோர வாங்கு:
வெளிச்சத்துக்குப் பின்னாலே
கதிரையை இழுத்தபடி திரிந்தேன்.
முகாமையாளர் குலவீரசிங்கம்
என்னைச் சூரியகாந்தி என்பார்.

மழை இருட்டினால் இலக்கங்கள் முதலில் மெலியும்,
பிறகு இல்லாமற் போகும்.
மூலையில் எம் என்று காவல் நின்ற
மொத்தமும் அதோடு போகும்.
கைநிழல் பட்டாலும் அப்படித்தான்.
கணக்குப் பார்க்கிற நேரம்
ஆரையும் கிட்ட வந்து குனிய விடமாட்டேன்.

பொத்தான்கள் றப்பர்.
ஐந்தின் நடுவில் ஒரு சிறு பரு,
பாராமலே விரல் வீடு திரும்ப.
சமனுக்கு மட்டும் இரண்டு பேரின் உயரம்.
சதவீதம் தொடாமல் புதுசாய்க் கிடந்தது.
வர்க்கமூலத்தால் எங்களுக்கு என்ன வேலை?
சனமில்லாத வேளை
எந்தப் பெரிய எண்ணையும் அதாலே
குத்திக் குத்தி
ஒன்றுக்குக் கொண்டுவருவேன்.

கோயிலடியில் செல் விழுந்த அன்று
மேசையிலிருந்து அதுவும் விழுந்தது.
கடைசி இலக்கத்தின் நடுக்கோடு செத்தது.
மூன்றும் ஐந்தும் நொண்டினாலும் ஆளைத் தெரியும்.
எட்டுத்தான் பூச்சியமாயிற்று.

களஞ்சியத்து டொமினிக் வழி சொன்னான்:
"ஒண்டைக் கூட்டிப் பார்.
ஒண்டு வந்தால் பூச்சியம்.
கோணல் ஒன்பது வந்தால் எட்டு.
பிறகு ஒண்டைக் கழி."

எட்டு இலக்கம் தாண்டினால்
கண்ணாடி மூலையில் ஒரு ஈ குந்தும், பிழையென்று.
எங்கள் சீனி ஒருக்காலும் அவ்வளவு வரவில்லை.
சீனியே வராத கிழமை
பூச்சியத்தை நானூறு பேருக்குப் பிரித்தேன்.
பூச்சியம் என்றது.
ஒழுங்கான விடை.
ஈயை நான் கண்டது ஒரே ஒரு நாள்.
மூன்று மூட்டை வந்து இறங்கியிருந்தது.
விடியவிடிய பலாலிப் பக்கம் அதிர்ந்ததில்
மட்டையோடு வர ஒருவருமில்லை.
மூன்றை வந்தவர்களால் பிரித்துப் பார்த்தேன்.

ஆவணிப் பட்டியலில்தான் பிசகினேன்.
நானூறா நானூற்றெட்டா என்று பார்க்க
ஒன்றைக் கூட்டினேன்.
கழிக்க மறந்துபோனேன்.
கந்தோர், நானூற்றொன்பது பேருக்கும்
குறையாமல் அனுப்பியது.

எல்லாருக்கும் நிறுத்து முடிய
அரிசி ஒன்றரைக் கிலோ,
பருப்பு, சீனி ஒரு சுருள்,
தராசடியில் ஆளில்லாமல்.
"ஆர் இந்த ஆள்?" என்றான் டொமினிக்.
"நடுக்கோடு" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.
வெறும் மட்டை ஒன்றை எடுத்து
ந. கோடு என்று வடிவாக எழுதினான்.
குலவீரசிங்கம் ஒப்பம் வைத்தார்,
மூக்குக்கண்ணாடி மேசையிலேயே இருக்க.

முதற்கிழமைப் பங்கை எலி தின்றது.
அதற்குப் பிறகு பதின்மூன்று கிழமை
டொமினிக்கும் நானும் பாதிபாதி.
என் பாதிச் சீனியை வீட்டில்
எங்கே வாங்கினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.
தேத்தண்ணி இனித்தது, அவ்வளவுதான்.

மார்கழியில் கணக்குப் பரிசோதகர் வந்தார்,
குடை நனைந்து, சைக்கிள் கிளிப்போடு.
மட்டைகளை ஒன்றொன்றாய் எண்ணினார்.
மொத்தத்தை நானும் கூட்டிக்கொண்டு போனேன்,
வாசற்படியில், கிடைத்த வெளிச்சத்தில்.
"எத்தனை பேர் பிள்ளை?"
கடைசி இலக்கம் நொண்டியபடி நின்றது.
அதற்குமுன் ஒருவருக்கும் சொல்லாததை
அவருக்குச் சொன்னேன்:
"கிட்ட வந்து பாருங்கோ ஐயா."
அவர் குனிந்தார்.