அளவுப் புத்தகம்

பெயர்: லொபாத்கினா, ரிம்மா வெனியமீனொவ்னா.
மார்பு எண்பத்தாறு. இடை ஐம்பத்தெட்டு.
கழுத்து எழுதவில்லை.
நாடா பட்டதும் கூசிக் கூசிச் சிரித்தாள், விட்டுவிட்டேன்.
ஐம்பத்து நான்காம் ஆண்டு, கீனெஷ்மா நாடக அரங்கு,
வோல்கா உறைந்து அதன்மேல் லாரிகள் போன மாதம்.

ஒன்றே ஒன்று கேட்டாள்: பை வேண்டும்.
வேலைக்காரி வேடமென்றால் சரி,
ராணிக்கு எதற்கடி பை என்றேன்.
"ராணிக்குப் பசிக்காதா?"
அன்றிலிருந்து அவள் உடுப்பு ஒவ்வொன்றிலும்
வலப்பக்கத் தையலுக்குள் ஒரு கள்ளப் பை.
பக்கத் திரைக்குப் பின்னே சூரியகாந்தி விதை கொறிப்பாள்.
மணி அடித்ததும் தோலை அதற்குள் துப்பிவிட்டு
கணவன் செத்த சேதி கேட்கப் போவாள்.
அழுகை மூன்றாவது மாடம் வரை எட்டும்.
இரவு நான் தோலை உதறுவேன்.

அறுபத்தொன்று, மார்ச்: இடை அறுபத்து மூன்று.
யாரிடமும் சொல்லாதே என்றாள். சொல்லவில்லை.
ஏப்ரல்: அறுபத்தாறு. தையலைப் பிரித்துவிட்டேன்.
மே: ஐம்பத்தொன்பது.
பிரித்ததை மறுபடி பிடித்தேன்.
அந்த வாரம் மூன்று காட்சிகள், மூன்றும் நகைச்சுவை.
பையில் தோல் இல்லை.

பிறகு மாஸ்கோவிலிருந்து படக்காரர்கள் வந்தார்கள்.
படகுத்துறையில் டிக்கெட் கிழிப்பவள் வேடம், ஒன்பது நிமிடம்.
அவர்கள் தந்த சட்டையிலும் இரவோடு இரவாகப் பை வைத்தேன்.
படம் ஊருக்கு வந்தபோது முன்வரிசையில் உட்கார்ந்தோம்.
திரையில் அவள் வாய் திறந்தது.
வந்தது வேறொருத்தியின் குரல்.
நாங்கள் வோல்காக் கரைக்காரர்கள், 'ஓ'வை வாயில் உருட்டுகிறவர்கள்.
அது நாட்டுக்கு ஆகாதென்று எங்கோ முடிவாகியிருந்தது.
ரிம்மா என் பக்கம் திரும்பவேயில்லை.
வெளியே வந்து, பனியில் நின்று,
அந்த ஒன்பது நிமிட வசனத்தையும்
ஒரு 'ஓ' விடாமல் உருட்டி உருட்டிச் சொன்னாள்.
பேருந்துக்கு நின்ற நாலு பேரும் ஒரு நாயும் கேட்டார்கள்.

அதன்பின் ரொட்டி வரிசையில்
முகத்தைப் பார்த்து ஓடிவருவார்கள்.
அவள் வணக்கம் சொன்னதும்,
"மன்னிக்கணும், வேறு யாரோ என்று நினைத்தோம்."

தொண்ணூற்று மூன்று: இடை எண்பத்தொன்று,
கம்பளிக்கு மேல் எடுத்த அளவு.
வெப்பக் குழாய்கள் செத்துக் கிடந்தன.
சம்பளத்துக்குப் பதில் ஆலையின் படுக்கை விரிப்புகள்.
பதினொரு பேர் கோட்டோடு உட்கார்ந்து பார்த்தார்கள்.
மேடையில் ஜூலை மாதம்.
வெறும் தோளோடு நின்று
வெயில் தாங்கவில்லை என்றாள்,
வாயிலிருந்து ஆவி வந்தது.
ஒருவரும் சிரிக்கவில்லை.
முதல் வரிசைக் கிழவர் ஒருவர்
தன் கோட்டின் மேல்பொத்தானைக் கழற்றினார்.

அவளை எதை உடுத்தி அடக்கினோம் என்று கேட்டால்,
அரங்க முத்திரை குத்திய துணி எதுவும்
வெளியே போகாது என்றது நிர்வாகம்.
அவளுடைய சொந்தக் கவுனில் பை இல்லை.
விடிவதற்குள் வைத்துவிட்டேன்.

நீல உடுப்பு இப்போது புதுப் பெண்ணுக்கு. பெயர் ஸ்லாதா.
எனக்கு ஊசி கோர்த்துத் தருவதும் அவள்தான்.
இந்தப் பையைப் பிரித்துவிடவா என்றேன்.
கையை உள்ளே விட்டுத் துழாவினாள்,
எந்தக் காலத்துத் தோலோ நகக்கண்ணில் குத்த
"ஐயோ" என்று எடுத்து உதறினாள்.
"இருக்கட்டும், போன் வைக்கலாம்."

இடை அறுபது. மார்பு எண்பத்து நான்கு.
அசையாதே என்று சொல்லிவிட்டு
கழுத்தையும் எழுதிக்கொண்டேன்.