கடைசி நான்கு வினாடி

பிஸ்கட் டப்பாவின் மூடி நெகிழ்ந்ததும்
அறையெல்லாம் வினிகர் நெடி.
கணக்குப் பிரிவு ரூலோஃப் எட்டிப் பார்த்து
ஊறவைத்த மீனா என்றார்.
படச்சுருள் சாகும்போது
இப்படித்தான் மணக்கும் என்றேன்.
ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனார்.

ஹெஸ்டர் நெய்வேன், வயது எழுபத்தொன்று,
வின்ஸ்கோட்டனிலிருந்து க்ரோனிங்கன்வரை
ரயிலில் அதை மடியிலேயே வைத்து வந்தவர்.
கையுறை நீட்டினேன். வாங்கவில்லை.
"எங்கள் வீட்டுக் கைப்பிசுக்கு
ஏற்கெனவே அதில் இருக்கிறது."

முதலில் காகிதங்கள்.
குடைக்கடை ரசீது ஒன்று:
கறுப்பு, ஆண்கள் குடை, கம்பி இரண்டு முறிவு,
பெயர் ஃபோக்கென்ஸ்.
பக்கத்து வீட்டுக்காரர். கரிக்கொட்டகையில்
இந்த டப்பாவை மூன்று வருடம் புதைத்து வைத்தவர்.
போர் முடிந்து, அந்த வீட்டில்
திரும்பி வந்த ஒரே ஒருவரிடம், ஹெஸ்டரின் அப்பாவிடம்,
டப்பாவைத் தந்தபோது
ரசீதையும் சேர்த்துத் தந்தாராம்.
குடையைக் கேட்கவில்லை.

பிறகு கடிதம். பென்சில் எழுத்து,
வெஸ்டர்போர்க் முகாமிலிருந்து.
நாலாய்க் கிழிந்ததை
அப்பா டேப் போட்டு ஒட்டியிருக்கிறார்.
டேப் பழுத்து, பசை இறங்கி,
"கிளம்புகிறோம்" என்பதற்கு முன்னால்
ஒரு சொல்லைக் குடித்துவிட்டது.
"சீக்கிரம்" என்றும் படிக்கலாம்,
"செவ்வாய்" என்றும்.
அங்கிருந்து ரயில்கள் செவ்வாய்க்கிழமைகளில் கிளம்பின.

பத்தொன்பது வருடமாய் இந்த மேசையில் இருக்கிறேன்.
பூச்சி அரித்ததைவிட, ஈரம் தின்றதைவிட
பாசம் பாழாக்கியதுதான் அதிகம்.
வருகிறவர்களிடம் இதைச் சொல்வதில்லை.

சுருளுக்கு வந்தோம்.
நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு சுருங்கியிருந்தது,
கால்வாயும், உறைந்த நீரும்,
அதன்மேல் சறுக்குகிறவர்களும் அதே கணக்கில்.
எடுத்தவர் சித்தப்பா சாலி.
கைப்பிடி சுற்றும் சின்னக் கேமரா,
1940 ஜனவரி, எழுபது வினாடி.
தெருவில் எல்லாரையும் எடுத்தவருக்குத்
தன் படம் என்று ஒன்றும் மிஞ்சவில்லை.

மெல்ல ஓட்டினேன்.
மழை மழையாய்க் கீறல்.
ஒவ்வொரு ஜனவரியும் அப்பா
சுவரில் போட்டுக் காட்டுவாராம்.
பார்த்துப் பார்த்தே தேய்ந்த முகங்கள்.
அத்தை யெட்டாவின் மூக்கு எப்போதோ போய்விட்டது,
சிரிப்பு மட்டும் மிச்சம்.
அறுபத்தாறாவது வினாடியில்
மழை சட்டென்று விட்டது.
"இதோடு முடியும்" என்றார் ஹெஸ்டர்.
"இங்கேதான் எழுந்து விளக்கைப் போடுவார்."

முடியவில்லை.
இன்னும் அறுபத்து நான்கு சட்டகம்,
நேற்றுக் கழுவி எடுத்தது போல.

வெயில் தாழ்ந்த நேரம்.
பனிக்கட்டியின்மேல் ஒரு நிழல்,
நீண்ட கால், தோள், தூரத்தில் தொப்பி.
அதன் வலது முழங்கை
சுற்றிக்கொண்டே இருக்கிறது.
யெட்டா வருகிறாள், முழு மூக்கோடு,
நிழலின் தலைமேல் ஏறிச் சறுக்கி
திரும்பி ஏதோ திட்டுகிறாள்.
நிழல் குலுங்குகிறது.
முழங்கை சுற்றை விடவில்லை.
வெள்ளை.

வெகுநேரம் கழித்து
"தொப்பியை அப்பாவைப் போலவே சாய்த்திருக்கிறார்"
என்றார் ஹெஸ்டர்.

கீறல்களைக் கணினியில் அழித்துவிடலாம்,
வேண்டுமா என்று கேட்டேன்.
"அவை அப்பாவுடையவை. இருக்கட்டும்."

படிவத்தில் ஒரு கட்டம்: படத்தில் காணப்படுவோர்.
யெட்டா என்று எழுதினேன்.
பேனாவை வாங்கி, கீழே
சாலமன் நெய்வேன் என்று அவர் எழுதினார்.
அடுத்த கட்டத்தை நான் நிரப்பினேன்:
சட்டகம் 1057 முதல் 1120 வரை.

கிளம்பும்போது ரசீதை மட்டும்
திரும்பக் கேட்டார்.
உங்களுக்கு நகல் போதும் என்றார்.
ஃபோக்கென்ஸின் பேத்தி
இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறாளாம்.
குடை ஒன்று பாக்கி.