அங்க அடையாளங்கள்

நிதர்சன் முழங்கைக்குக் கீழே
மூன்று கொப்புளம், கோடு கிழித்தாற்போல.
"எட்டுக்கால் பூச்சி ஒண்ணுக்குப் போயிருக்கும்"
என்றாள் மேல்மாடி பர்வீன்.
"என்ன பூச்சின்னு பார்த்து வைங்க"
என்றார் டாக்டர்.

பார்க்கத் தெரியும் எனக்கு.
முதுநகர் ஸ்டேஷனில் பதினோரு வருஷமாக ரைட்டர்.
உயரம், நிறம், கடைசியாக உடுத்தியிருந்தது,
மச்சம் இருந்தால் எந்தப் பக்கம்.

டார்ச், லென்ஸ், கழுவிய ஊறுகாய் பாட்டில்.

முதல் ஆள் குளியலறை மூலையில்.
உடம்பு அரிசி அளவு, கால் அதைப்போல் பல மடங்கு.
தலைகீழாய்த் தொங்கியது. விரல் பட்டதும்
உருவமே கலங்கும்படி
தன்னை உலுக்கிக்கொண்டது.
விசாரணையில் இப்படி நடுங்குகிறவர்களைத் தெரியும்.
அநேகமாக அவர்கள் இல்லை.

ஜன்னல் கம்பியில் கறுப்பு ஒருவன்,
முதுகோடு வெள்ளைப் பட்டை.
வலை கிடையாது, நிலையான முகவரி கிடையாது.
நான் நகர நகரத் திரும்பி
முன்னிரண்டு பெரிய கண்ணால்
என்னைக் குறித்துக்கொண்டான்.

சுவிட்ச் போர்டுக்கு மேலே
ஸ்டிக்கர் பொட்டளவு வெள்ளைக் கூடாரம்.
உள்ளே, கடுகைவிடக் கொஞ்சம் பெரிது.
எறும்பு வந்தது. வெளியே வந்து
அதைச் சுற்றிச் சுற்றி ஓடியது
எறும்பு நிற்கும்வரை.

காலண்டருக்குப் பின்னால் நான்காவது.
வெளிர் மஞ்சள், கறுப்புப் புள்ளிகள், கூன்.
பாட்டிலில் பிடித்துக் கண்களை எண்ணினேன். ஆறு.
மறுபடி எண்ணினேன். ஆறுதான்.
எட்டு என்று எழுதியதை அடித்து
பக்கத்தில் சுருக்கொப்பம் போட்டேன்.

போட்ட கை அப்படியே நின்றது.

போன புதன்கிழமை
சிங்காரத்தோப்புக் கரையில் ஒதுங்கிய ஆளுக்கு
நான் எழுதியது இரண்டே வரி.
வயது சுமார் நாற்பது, நீலக் கட்டம் போட்ட கைலி.
அடையாளம் ஏதுமில்லை.
கர்ச்சீப்பை மூக்கில் வைத்துக்கொண்டு
இருந்த தூரத்திலிருந்து எழுதியது.

"சிலந்தி இல்லம்மா" என்றார் டாக்டர் மறுநாள்,
நோட்டைப் புரட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு.
"டியூப்லைட்டுக்கு வர்ற வண்டு.
தூக்கத்துல கையால தேய்ச்சிருப்பான்."

பாட்டிலைக் கவிழ்த்தேன்.
ஆறு கண்காரர் வெளியே வர
வெகுநேரம் யோசித்தார்.

இன்று டூட்டி முடிந்ததும்
மஞ்சக்குப்பம் ஜி.எச். போகவேண்டும்.
பிரேத அறைச் சாவி அந்தோணிராசிடம்,
ஐந்து மணிவரை இருப்பதாகச் சொன்னார்.

லென்ஸ் பையில் இருக்கிறது.