பாதை வரும்வரை

எங்கள் பக்கத்தில் பாதை என்றால்
இரும்புப் பீப்பாய்களின்மேல் பலகை அடித்து
சங்கிலியை இழுத்து இழுத்துக் கரைசேர்க்கும் சாமான்.
ஒரு லொறி, ஆறேழு சைக்கிள்,
வைக்கோல் வைத்து அடுக்கிய தயிர்ச்சட்டிகள்,
பெருநாளுக்கு வாங்கிய ஆடொன்று.
கிண்ணியாவில் ஏறினால்
திருகோணமலைக்குப் பாதித் தூரம் தண்ணீரிலேயே போய்விடும்.
பாலம் வந்தது, பாதை போயிற்று.
சொல்லும் அதோடு போயிருக்கலாம்,
நான்தான் நாவலில் எழுதி வைத்தேன்.

நூற்றுப் பதினோராம் பக்கம்:
நல்லம்மை பாதை வரும்வரை நின்றாள்.
பாதை வந்தது.
அவள் ஏறவில்லை.

அவ்வளவுதான். நீர்ப்பாசனத் திணைக்களத்து எழுதுவினைஞர்
மத்தியானச் சோற்றுக்கும் மூன்று மணித் தேநீருக்கும் இடையில்
எழுதுகிற வசனம் அதற்குமேல் நீளாது.

விருதுக்குழு மூவரில் இருவர் சென்னைக்காரர்.
'பாதையே எழுந்து வந்து
ஒரு பெண்ணின் முன் நிற்கும் படிமம்
தமிழுக்குப் புதிது' என்று
நகரசபை மண்டபத்து மேடையில் வாசித்தார்கள்.
திருத்த வாய் திறந்தேன்,
பொன்னாடை வந்து விழுந்தது.

காசோலையில் ஒரு துணைக்கால் குறைந்து
யோகாம்பிகை யோகம்பிகை ஆகியிருந்தாள்.
வங்கி அந்த யோகத்தை ஏற்கவில்லை.
கோட்டை வாசலில் ஒட்டிய வாழ்த்துச் சுவரொட்டியைப்
பசையின் ருசிக்கு மான்கள் தின்றன.
மூன்றாம் நாள் போய்ப் பார்த்தேன்:
என் மூக்குக்கண்ணாடியும் ஒரு 'வாழ்'உம் மிச்சம்.

பிறகு இயக்குநர் தம்பி தொலைபேசினார்.
"மேடம், அந்தப் பாதை வர்ற இடம்!
ரெண்டு நாளாத் தூங்கல."
தம்பி, பாதையென்றால்...
"சொல்லாதீங்க மேடம். விளக்கினா செத்துடும்."

இராமநாதபுரத்தில் எங்கோ
செம்மண் ரோட்டை மேலிருந்து படம்பிடித்தார்கள்.
இரண்டு பக்கமும் பனை,
சொட்டுத் தண்ணீர் இல்லை.
ரோட்டு அவளிடம் வருகிறது,
அவள் நடந்து போகிறாள், போகிறாள்,
வயலின் வாசிக்கிறது.

இங்கே திரையிட்ட அன்று
இரண்டு பேரை அழைத்திருந்தேன்.
ஒருத்தி ஆலங்கேணிக் கனகநாயகி.
நல்லம்மை என்பது அவளுக்கு நான் போட்ட முக்காடு.
மற்றவர் பாதை இழுத்த உதுமாலெப்பையின் மகன்,
பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வந்தவர்.
இருட்டில் குனிந்து கேட்டார்:
"மிஸ், எங்கட வாப்பா எந்த இடத்தில வருவார்?"
பொறுங்கோ, இனித்தான் என்றேன்.
இடைவேளை வந்தது.
முடிவும் வந்தது.
மேலேறிப்போன பெயர்களையெல்லாம்
சாப்பாடு கொடுத்தவர் வரைக்கும் வாசித்துவிட்டுத்தான்
கதிரையை விட்டு எழும்பினார்.

வெளியே சோடாப் போத்தலோடு
கனகநாயகி கன நேரம் பேசாமல் நின்றாள்.
கோபமாக்கும் என்று நினைத்தேன்.
"பெட்டை நடந்து போயிற்றாள், கண்டியா" என்றாள்.
"அண்டைக்கு நடுவில தண்ணி கிடந்தது.
ரோட்டெண்டா
நானும் போயிருப்பன்."
மிச்சச் சோடாவை என்னிடம் தந்துவிட்டு
ஆலங்கேணி பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள்.

தழுவல் திரைக்கதைக்கு
படத்துக்கும் ஒரு விருது.
இரண்டாம் பதிப்புக்கு அச்சகம் அவசரப்படுத்துகிறது,
அட்டையில் அந்தச் செம்மண் ரோட்டு.
அட்டை அவர்களோடு போகட்டும்;
உள்ளே ஓர் அடிக்குறிப்பு போடலாம் என்று
அலுவலகச் சிவப்புப் பேனாவால் எழுதினேன்:
பாதை: நீர் கடக்கும் மிதவை.
சங்கிலி பிடித்து இழுத்தவர் உதுமாலெப்பை.
பிழை இருக்கிறதா என்று மகனுக்கு அனுப்பினேன்.

மக்ரிபுக்குப் பிறகு பதில் வந்தது.
"சங்கிலி இல்ல மிஸ், கயிறு.
மையத்தைக் குளிப்பாட்டக்குள்ளயும்
வாப்பாட உள்ளங்கையில அந்தத் தழும்பு இருந்திச்சு."

முதல் பதிப்பில் தேடிப் பார்த்தேன்.
பதினேழு இடத்தில் சங்கிலி.
'உலோகத்தின் ஓசையைச் சொற்களில் கேட்டோம்' என்று
விருதுக்குழு பாராட்டியதும்
அதைத்தான்.